கழனி வேலை குறைந்தது. தட்டில் சோறு குறையவில்லை

காஞ்சிபுரம் மாவட்டத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை ஆகிய மூன்று பட்டங்களிலும் நெல்லே முக்கியப் பயிர். ஏரியிலும் கிணற்றிலும் தண்ணீர் உள்ளவரை கழனி சும்மா கிடப்பதில்லை. இரண்டு தலைமுறைக்கு முன்பு ஒரு ஏக்கர் நெல் விளைவிக்க எவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது என்பதை ஊரில் உள்ள பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். விடியுமுன் கவலை ஓட்டித் தண்ணீர் இறைக்க வேண்டும். ஏர் பூட்டிச் சேற்றுழவு உழ வேண்டும். தழை வெட்டிச் சுமந்து வந்து சேற்றில் மிதிக்க வேண்டும். அறுப்பு, கட்டுத் தூக்குதல், களத்தில் அடித்தல், தூற்றல் எல்லாம் முடிந்து நெல் வீட்டுக்கு வந்தாலும் உரலும் உலக்கையும் காத்திருக்கும்.

இன்று உழவுக்கு டிராக்டர், இறவைக்குப் பம்புசெட், அறுவடைக்கு இயந்திரம், அரிசிக்கு ரைஸ்மில் என்று ஆகிவிட்டது. சில இடங்களில் நடவுக்கும் இயந்திரம் வந்துவிட்டது. ஆள் பற்றாக்குறையும் கூலி உயர்வும் உள்ள காலத்தில் இம்மாற்றம் வரவேற்கத்தக்கதே. பழைய பாடு மீண்டும் வர வேண்டும் என்று யாரும் விரும்பமாட்டார்கள். ஆனால் கவலை ஓட்டியவர் உண்ட அளவு சோற்றையே ஸ்விட்சைப் போடுபவரும் உண்டு வருகிறார். உடல் எடை கூடுவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

குண்டாவது பட்டணத்தில் வசதியாக இருப்பவர்களின் கவலை என்று கிராமங்களில் நினைப்பதுண்டு. கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 100 பெண்களில் 40 பேரும், 100 ஆண்களில் 37 பேரும் அளவுக்கு மீறிய எடை உள்ளவர்கள். 2015-16இல் இது முறையே 31, 28 என்ற அளவில்தான் இருந்தது. எடையைத் தொடர்ந்து சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் வருகின்றன. சிறு விவசாயிக்குச் சர்க்கரை நோய் வந்தால் மாத்திரைச் செலவோடு போவதில்லை. சேற்றில் நிற்கும் காலில் முள் குத்தினாலும் தெரியாமல் மரத்துப்போய், புண் ஆறாமல், கடைசியில் காலையே இழக்க நேரிடலாம். அதன்பிறகு நிலம் குத்தகைக்குத்தான் போகும்.

உடல் வேலைக்குத் தக்கபடி எவ்வளவு உணவு தேவை என்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் திருத்தி வெளியிட்டது. 65 கிலோ எடையுள்ள ஆண் கடுமையாக உழைத்தால் நாளொன்றுக்கு 3,470 கலோரி தேவை. நடுத்தர உழைப்புக்கு 2,710 கலோரி போதும். உட்கார்ந்தே வேலை செய்பவருக்கு 2,110 கலோரிதான். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு இவை முறையே 2,720, 2,130, 1,660 ஆகும். கலோரி என்பது உணவு தரும் சக்தியை அளக்கும் அளவு. 100 கிராம் அரிசியில் சுமார் 350 கலோரி உள்ளது. ஆகவே கடும் உழைப்பிலிருந்து நடுத்தர உழைப்புக்கு மாறிய ஒரு விவசாயி, மற்ற உணவு மாறாதிருந்தால், நாளொன்றுக்குச் சுமார் 215 கிராம் அரிசியைக் குறைத்திருக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அது நடக்கவில்லை.

நெற்பயிருக்கு வேண்டியதற்குமேல் யூரியா இட்டால் என்ன ஆகும் என்று விவசாயிக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. பயிர் கருகருவென்று வளரும், பார்வைக்கு நன்றாக இருக்கும்; பிறகு புகையானும் வரும், பயிரும் சாயும். உடம்புக்கும் கிட்டத்தட்ட அதே கதைதான். செலவாகாத சக்தி பெரும்பாலும் கொழுப்பாக மாறி உடம்பில் சேருகிறது.

காஞ்சிபுரத்தின் மற்றொரு தொழிலான பட்டு நெசவிலும் இதே நிலைதான். பிள்ளையார்பாளையத்திலும் சுற்றுப்புறக் கிராமங்களிலும் குழித்தறியில் நெய்பவர்கள் காலையில் உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை தறியை விட்டு எழுவது குறைவு. கை நாடாவை ஓட்டும், கால் மிதியை மிதிக்கும். ஆயினும் இடுப்பு அசைவதில்லை. கண்ணும் தோளும் களைத்துப் போவதால் பெரிய வேலை செய்ததாகத் தோன்றும், பசியும் எடுக்கும். இடையிடையே டீ. ஒரு டீக்கு இரண்டு கரண்டி சர்க்கரை என்றால் 10 கிராம், அதாவது 40 கலோரி. ஐந்து டீ குடித்தால் 200 கலோரி, பாலுக்கும் வடைக்கும் தனிக் கணக்கு. விவசாயமும் தறியும் சேர்ந்துள்ள குடும்பங்களில், கழனியில் வேலை இல்லாத மாதங்களில் இந்த உட்கார்ந்த வேலைதான் அதிகம். கழனி வேலை நாளில் உண்பது போலவே தறி நாளிலும் உண்பது பொருந்தாது.

கோயில் ஊர் என்பதால் பிரசாதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வரதராஜப் பெருமாள் கோயிலின் இட்லி உலகப் புகழ் பெற்றது. அரிசியும் உளுந்தும் கரகரப்பாக அரைத்து, மிளகு, சீரகம், சுக்கு, நெய் சேர்த்து, மந்தாரை இலை பரப்பிய மூங்கில் குடலையில் நெடுநேரம் ஆவியில் வேகவைப்பார்கள். எண்ணெயில் பொரிக்காத, உளுந்து தாராளமாக உள்ள நல்ல உணவு இது. கோயிலில் இது துண்டு போட்டுத்தான் கொடுக்கப்படுகிறது. ஒரு துண்டு பிரசாதத்தால் யாருக்கும் எடை கூடுவதில்லை. ஓட்டலில் அதையே மூன்று நான்கு என்று வைத்து, மேலும் நெய் ஊற்றிச் சாப்பிடும்போதுதான் தொல்லை. விரத நாளிலும் இப்படித்தான். சோறு உண்ணாத நாள் என்று சொல்லிவிட்டு, இரவில் பலகாரம் என்ற பெயரில் உப்புமாவும் அடையும் வயிறு முட்டச் சாப்பிட்டால், அன்றைய கணக்கு சோறு உண்ட நாளைவிடக் கூடுதலாகவே வரும்.

எடை குறையச் சிறுதானியம் உண்டால் போதும் என்ற பேச்சு இப்போது பரவலாக உள்ளது. 2023ஐச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்தபின் இது இன்னும் கூடியது. கேழ்வரகு, வரகு, சாமை ஆகியவற்றில் நார்ச்சத்து அரிசியைவிட அதிகம். கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்தும் மிகுதி. இவற்றைப் பயிரிட வேண்டும், உண்ணவும் வேண்டும். ஆனால் 100 கிராம் கேழ்வரகில் சுமார் 320 கலோரியும், வரகில் சுமார் 330 கலோரியும் இருக்கின்றன. அரிசிக்கும் இவற்றுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஒரு தட்டுச் சோற்றுக்குப் பதிலாக ஒரு தட்டுச் சாமைச் சோறு என்றால் எடை பெரிதாகக் குறையாது. ஆடி மாதத்தில் அம்மன் கோயில்களில் ஊற்றும் கூழைப் பாருங்கள்: மாவு கொஞ்சம், தண்ணீரும் மோரும் நிறைய. ஒரு சொம்பு குடித்தால் வயிறு நிறைகிறது, கலோரி குறைவு. பெருமை கேழ்வரகுக்கு மட்டுமல்ல, கரைத்த முறைக்கும் உண்டு. அதே மாவைச் சர்க்கரையும் கொழுப்பும் சேர்த்து பிஸ்கட்டாகச் செய்து விற்றால், அது பிஸ்கட்தான்.

அப்படியானால் தட்டில் என்ன மாற்ற வேண்டும்? தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில், 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு நாளொன்றுக்குத் தானியம் 250 கிராம், பருப்பு அல்லது முட்டை, மீன், இறைச்சி 85 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம் என்று கூறப்பட்டுள்ளது. நம் வீடுகளின் நடைமுறை இதற்கு நேர்மாறு. சோறு மலைபோல, சாம்பார் தண்ணீராக, பொரியல் தொட்டுக்கொள்ள மட்டும். ரேஷன் கடையில் அரிசி அட்டைக்குக் குடும்பத்துக்கு மாதந்தோறும் அரிசி இலவசமாகக் கிடைக்கிறது. துவரம் பருப்போ ஒரு கிலோதான். நான்கு பேர் உள்ள வீட்டில் ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 8 கிராம்தான் வருகிறது. மலிவாகக் கிடைப்பதைக் கொண்டு வயிற்றை நிரப்புவது ஏழைக் குடும்பத்தின் குற்றமல்ல. பருப்பையும் காயையும் எங்கிருந்து கொண்டுவருவது என்பதே கேள்வி. அதற்கு விவசாயியிடம் நிலம் இருக்கிறது.

முதலில் அளவு. திடீரென்று பாதியாகக் குறைத்தால் ஒரு வாரத்துக்குமேல் யாராலும் தாங்க முடியாது. உலையில் போடும்போதே ஆளுக்கு ஒரு கைப்பிடி அரிசியைக் குறைத்து, அந்த இடத்தைக் காயாலும் பயறாலும் நிரப்ப வேண்டும். முதலில் கீரையும் கூட்டும், பிறகு சோறு என்ற வரிசையில் உண்டால் சோறு தானாகவே குறையும். இரண்டாவது முறை சோறு போட்டுக்கொள்ளாமல் மோருடன் முடித்துக்கொள்ளலாம். எண்ணெய் ஆளுக்கு மாதம் அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டருக்குள் இருக்கட்டும். வேர்க்கடலையை வறுத்து உப்பும் காரமும் போடுவதைவிட, வேகவைத்து ஒரு கைப்பிடி உண்பது நல்லது. இரவுச் சாப்பாடு படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன்பே முடிந்துவிட வேண்டும்.

வீட்டுப் பெண்கள் விஷயத்தில் ஒன்று கவனிக்கத்தக்கது. எல்லோரும் உண்டபின் கடைசியில் உட்கார்பவருக்குக் காய் மிஞ்சுவதில்லை, சோறுதான் மிஞ்சும். அதை வீணாக்க மனமில்லாமல் அவரே உண்டு தீர்க்கிறார். பெண்களிடம் எடை கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம். மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் பழையதாகும். எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து, காயைச் சமமாகப் பங்கிட்டுக்கொண்டால் இன்னும் நல்லது.

எடை சரியாக உள்ளதா என்று அறியத் தராசுகூட வேண்டாம். உச்சி முதல் பாதம் வரை உயரத்தை ஒரு கயிற்றால் அளந்து, அதை இரண்டாக மடித்து, தொப்புள் மட்டத்தில் வயிற்றைச் சுற்றிப் பார்க்க வேண்டும். இரண்டு முனைகளும் சேர்ந்தால் கவலையில்லை. சேரவில்லை என்றால் வயிற்றில் கொழுப்பு சேர்ந்துள்ளது என்று பொருள். வயிற்றை எக்கிக்கொண்டு அளப்பதில் பயனில்லை. தராசு உள்ளவர்கள், 160 செ.மீ. உயரத்துக்கு 59 கிலோவையும், 170 செ.மீ. உயரத்துக்கு 66 கிலோவையும் மேல் வரம்பாகக் கொள்ளலாம்.

சிறிய மாற்றங்களுக்குப் பலன் உண்டா என்பதற்குச் சென்னையிலேயே சான்று உள்ளது. டாக்டர் அ. இராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோய்க்கு முந்திய நிலையில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்து 2006இல் முடிவை வெளியிட்டனர். பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 100க்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. உணவையும் நடையையும் ஒழுங்கு செய்துகொண்டவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. வியப்பு என்னவென்றால், இவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவில்லை. ஆனாலும் நோய் குறைந்தது. ஆகவே இரண்டு மாதத்தில் தராசு முள் இறங்கவில்லையே என்று மனம் தளர்ந்து பழைய வழக்கத்துக்குத் திரும்பக் கூடாது. மாதத்துக்கு ஒன்று அல்லது இரண்டு கிலோ குறைந்தாலே நல்ல முன்னேற்றம்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் தாங்களாகவே சாப்பாட்டைக் குறைத்தால் மயக்கம் வரலாம். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரைக் கேட்டே செய்ய வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பணியாளரிடம் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் பரிசோதித்துக்கொள்ளலாம். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் உணவைக் குறைக்கவே கூடாது. முயற்சி எதுவும் இல்லாமல் எடை தானாகக் குறைந்தால் மகிழ வேண்டாம். காசநோயோ சர்க்கரை நோயோ இருக்கக்கூடும், உடனே பரிசோதிக்க வேண்டும்.

இனி, காய்க்கும் பயறுக்கும் வழி. கிணற்றடியில் குளித்த தண்ணீர் ஓடும் இடத்தில் ஒரு சென்ட், அதாவது 435 சதுர அடி இருந்தால் போதும். அதைச் சிறு பாத்திகளாகப் பிரித்து, பத்து நாளுக்கு ஒரு பாத்தியில் சிறுகீரை விதைத்துவந்தால் கீரை ஓயாது. விதைத்த 25 நாளில் பறிக்கலாம். வேலியோரம் அவரையும் புடலையும் ஏற்றிவிடலாம். மூலையில் ஒரு பி.கே.எம். 1 செடிமுருங்கை வைத்தால் 6, 7 மாதங்களில் காய் வரும், கீரை அதற்கு முன்பே கிடைக்கும். நெல் வரப்புகளில் உளுந்தும் தட்டைப்பயறும் ஊன்றலாம். நெல்லுக்கு நன்மை செய்யும் பூச்சிகளுக்கும் அவை இடம் கொடுக்கும். வரப்புப் பயிரில் பயறு பறிக்கும் சமயத்தில் நெல்லுக்குப் பூச்சிமருந்து தெளிக்க நேர்ந்தால், மருந்துப் பெட்டியில் குறித்துள்ள காத்திருப்பு நாள் கழியும்வரை அந்தப் பயறை வீட்டுக்கு எடுக்கக் கூடாது. காய்கறி விதைகள் பற்றி வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் விசாரிக்கலாம்.