துணியில் எழுதிய வேற்றுமை

சாதியும் நிறவெறியும் ஒன்றா? 2001இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஐ.நா. நடத்திய இனவெறி எதிர்ப்பு மாநாட்டை ஒட்டி இந்தக் கேள்வி சூடுபிடித்தது. சாதிக் கொடுமையையும் அங்கே பேச வேண்டும் என்றன தலித் அமைப்புகள். சாதியை இனம் என்று கொள்ளலாகாது என மறுத்தார் சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய். தஞ்சைக் கிராமம் ஒன்றில் தங்கி ஆராய்ந்து 1965இல் நூல் எழுதியவர். இனம் என்ற பகுப்புக்கே அறிவியல் அடிப்படை இல்லாதபோது, சாதியை அதில் சேர்ப்பது பழைய பிழைக்கு உயிர் கொடுப்பது என்பது அவர் வாதம். அமெரிக்க மானிடவியலாளர் ஜெரால்ட் பெரிமனோ 1960இலேயே இந்தியச் சாதியையும் அமெரிக்க நிறவெறியையும் அருகருகே வைத்து ஒப்பிட்டு, இரண்டும் இயங்கும் விதம் ஒத்தது என்றிருந்தார்.

இந்த வழக்குக்குச் சாட்சி நம் வாசலிலேயே இருக்கிறது. குமரி மாவட்டத்துத் திருவட்டாறு, தனி வட்டமாகும் வரை கல்குளம் வட்டத்தில் இருந்த ஊர். அந்தக் கல்குளத்தில்தான் 1822இல் தோள்சீலைக் கலகம் மூண்டது.

எதற்காகக் கலகம்?

கல்குளம் அப்போது இருந்த திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மாராப்பு, அதாவது தோள்சீலை, போடக் கூடாது என்பது வழக்கமாக இருந்தது. கிறிஸ்தவத்துக்கு மாறியவர்கள் குப்பாயம் என்ற சட்டை அணியலாம் என்று ஆங்கிலேயரின் பிரதிநிதியான ரெசிடெண்ட் மன்றோ அனுமதித்தார். பெண்கள் அதோடு நிற்கவில்லை. மேல்சாதிப் பெண்களைப் போலத் தோள்சீலையும் போட்டார்கள். தெருவிலும் சந்தையிலும் அது கிழித்தெறியப்பட்டது. 1829 பிப்ரவரி 3 அன்று வந்த அரசாணை, குப்பாயத்துக்குச் சரி என்றது. தோள்சீலைக்குத் தடை போட்டது.

1859இல் கிடைத்தது என்ன?

மீண்டும் கலவரம். சென்னை ஆளுநர் ட்ரெவெல்யன் திருவிதாங்கூர் அரசை நெருக்கினார். ஜூலை 26 அன்று புதிய ஆணை: குப்பாயம் போடலாம், மீனவரான முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணி சுற்றலாம், வேறு எப்படியும் மறைக்கலாம், மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் உடுத்தக் கூடாது.

அந்த ‘மட்டும்’தான் ஆய்வாளருக்குத் திறவுகோல். நாடார்களைப் பற்றி 1969இல் நூல் எழுதிய ராபர்ட் ஹார்ட்கிரேவ், இந்தப் போராட்டத்தை மானப் பிரச்சினையாக மட்டும் பார்க்காமல் சமூக மதிப்புக்கான போராட்டமாகவும் பார்த்தார். நிறவெறிக்குத் தோலே அடையாளம். மேல்சாதி நாயரையும் நாடாரையும் தோலை வைத்துப் பிரிக்க முடியாத ஊரில், அந்த வேலையைத் துணி செய்தது. ஆகவே பெயரளவில் பெத்தேய் சொன்னது சரி. நடப்பில் பெரிமன் சொன்னது சரி.

துணிக்கு அனுமதி கிடைத்தபின் கோயில் வாசல் திறக்க இன்னும் 77 ஆண்டுகள் ஆயின. திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாளைக் கும்பிட எல்லா இந்துக்களும் உள்ளே போக வழிவிட்ட ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்த நாள் 1936 நவம்பர் 12.