டிராயிங் டேப்லெட் வாங்கும் முன்

கலைத் திருவிழாவுக்குப் பின் எங்கள் பள்ளியில் கணினியில் படம் வரையக் கேட்கும் மாணவர்கள் கூடிவிட்டனர். மவுஸால் வரைவது செங்கல்லைப் பிடித்துக் கோலம் போடுவதைப் போன்றது. அதனால் பள்ளிக்கு ஒரு டிராயிங் டேப்லெட் வாங்க முடிவு செய்தோம். தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. அப்போது அறிந்தவற்றைப் பகிர்கிறேன்.

இது கைக்கணினி அன்று, தனியாக இயங்காது. கணினியுடன் இணைத்து, பலகையின்மேல் பேனாவை நகர்த்தினால் கோடு கணினித் திரையில் விழும். திரையுடன் கூடிய வகையும் உண்டு. விலை மிக அதிகம். பள்ளிக்குத் திரையில்லாததே போதும். கண் ஓரிடத்தில், கை ஓரிடத்தில் என்பது சில நாள்களில் பழகிவிடும்.

அழுத்த நிலைகள்: பேனாவை அழுத்துவதற்கேற்பக் கோடு தடிக்கும். பெட்டிமேல் 2048, 4096, 8192 என்று அச்சிட்டிருப்பார்கள். கற்கும் பிள்ளையின் கைக்கு இந்த வேறுபாடு தெரிவது அரிது. இதற்காகக் கூடுதல் பணம் தர வேண்டாம்.

வரையும் பரப்பு: பலகையின் மொத்த அளவைப் பார்க்காமல், பேனா வேலை செய்யும் பரப்பைப் பாருங்கள். 6×4 அங்குலத்தில் மணிக்கட்டு மட்டுமே அசையும். 10×6 அங்குலத்தில் கையை வீசி நீண்ட கோடு இழுக்கலாம். பல பிள்ளைகள் மாறிமாறி வரைவதால் நாங்கள் பெரியதையே எடுத்தோம்.

பேனா: பேட்டரி இல்லாத பேனாவே நல்லது. பலகை உண்டாக்கும் மின்காந்தப் புலத்திலிருந்து பேனாவுக்குள் இருக்கும் கம்பிச்சுருள் ஆற்றலைப் பெறுகிறது. மின்காந்தத் தூண்டல் பாடத்துக்கும் இதைக் காட்டலாம். பேனா முனை தேயும். மாற்று முனைகள் கிடைக்கின்றனவா என்று கேளுங்கள்.

கணினி: உங்கள் ஆய்வகக் கணினியில் இருப்பது விண்டோஸா, லினக்ஸா? அதற்குரிய டிரைவர் மென்பொருள் உண்டா என்பதை வாங்கும் முன்பே உறுதி செய்யுங்கள். வரைவதற்குக் கிரிட்டா என்னும் இலவச மென்பொருள் இரண்டிலும் இயங்கும்.

இணைத்ததும் ஒரு வட்டம் வரைந்து பாருங்கள். திரையில் நீள்வட்டமாகத் தெரிந்தால், பலகையின் நீள அகல விகிதமும் திரையின் விகிதமும் பொருந்தவில்லை என்று பொருள். டிரைவர் அமைப்பில் அதைச் சரிசெய்யலாம். இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளைகளுக்காகப் பலகையைத் திருப்பி வைக்கும் வசதியும் அங்கேயே இருக்கும்.

வாங்கிய பின் அதைப் பீரோவில் பூட்டிவிடாதீர்கள். வாரம் இரண்டு பாடவேளைகள் ஒதுக்கி, யார் எப்போது வரைவது என்று பட்டியல் போட்டு ஒட்டுங்கள். வீட்டில் கணினி உள்ள பிள்ளை எப்படியும் கற்றுக்கொள்ளும். மற்றப் பிள்ளைகள் இந்தப் பேனாவைத் தொடும் இடம் நம் பள்ளி மட்டுமே.