எரிபொருள் ஹோஸ்: விலையைக் கேட்கும் முன் எழுத்தைப் பாருங்கள்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது முதல் எமது வியாபாரிகள் பலர் பழைய வேனையே திருத்தித் திருத்தி ஓட்டி வருகின்றனர். 2025இல் இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டாலும், வரியோடு சேர்த்துப் பார்த்தால் சிறு வியாபாரியின் கைக்கு எட்டும் விலையல்ல. ஆக, பழைய டவுன்ஏஸும் லைட்ஏஸும்தான் இன்னும் எமது சரக்கைச் சுமக்கின்றன. இவற்றில் எஞ்சின் இருப்பது முன் ஆசனத்தின் கீழே. காற்றோட்டம் குறைந்த அந்தச் சூட்டில் முதலில் காய்ந்து வெடிப்பது ரப்பர். அதில் ஒரு ரப்பருக்குள் பெற்றோல் ஓடுகிறது.

பஞ்சிகாவத்தையில் ஒரு கடையில் பெற்றோல் ஹோஸ் கேட்டேன். "எத்தனை அடி?" என்பது மட்டுமே பதில். காட்டிய சுருளில் ஓர் எழுத்தும் இல்லை. "எல்லாம் ஒண்டுதான் நானா" என்றார் விற்பனையாளர்.

எல்லாம் ஒன்றல்ல. ஹீட்டருக்கும் ரேடியேட்டருக்கும் வரும் ஹோஸ் பெரும்பாலும் ஈ.பி.டி.எம். ரப்பர். அது சுடுநீரைத் தாங்கும். பெற்றோல் பட்டால் ஊதி இளகிவிடும். எரிபொருள் ஹோஸிலும் தரங்கள் உண்டு. 'எஸ்.ஏ.ஈ. ஜே30 ஆர்7' என்று அச்சிட்டிருந்தால் அது நைட்ரைல் ரப்பர், சுமார் 50 பீ.எஸ்.ஐ. அழுத்தத்துக்கானது. காபரேட்டர் எஞ்சினில் அழுத்தம் ஒற்றை இலக்கம்தான் என்பதால் அது போதும். ஈ.எஃப்.ஐ. எஞ்சினில் பம்ப் 40 பீ.எஸ்.ஐ.க்கு மேலும் தள்ளும். அதற்கு 'ஆர்9' தேவை. அதன் உட்படை ஃபுளோரோ ரப்பர், 100 பீ.எஸ்.ஐ. தாங்கும். சூட்டிலும் வித்தியாசம் பெரிது. 100 பாகை செல்சியஸைத் தாண்டிய சூட்டில் தொடர்ந்து கிடந்தால் நைட்ரைல் விரைவில் இறுகி வெடிக்கும். ஃபுளோரோ ரப்பர் 200 பாகை அளவுக்கும் ஈடுகொடுக்கும். ஆனால் ஆர்9 ஹோஸின் வெளியுறைக்கு அவ்வளவு பலமில்லை. எனவே எந்த ஹோஸையும் சைலன்சர் குழாயில் முட்ட விடக்கூடாது. நெருங்கிப் போகும் இடத்தில் அலுமினிய உறை போடச் சொல்லுங்கள்.

தாங்கிக்குள் பெற்றோலில் மூழ்கிக் கிடக்கும் துண்டுக்கு ஆர்9 கூடப் பொருந்தாது, வெளியுறை கரையும். அதற்கென 'ஆர்10' உண்டு. விலை பல மடங்கு என்றாலும் தேவைப்படுவது சில அங்குலம்தான்.

கிளிப்பையும் கவனியுங்கள். வெட்டுப் பள்ளமுள்ள சாதாரண கிளிப் இறுக்க இறுக்க ரப்பரை அறுக்கும். உட்புறம் வழுவழுப்பான கிளிப்பே நல்லது. 6 மி.மீ. குழாயில் 8 மி.மீ. ஹோஸை மாட்டி கிளிப்பால் நெரிக்கும் வேலைக்கு இடம் கொடுக்காதீர்கள். வெடித்த துண்டை மட்டும் மாற்றுவதும் வீண். மற்றத் துண்டுகளுக்கும் அதே வயதுதானே! மாற்றி முடிந்ததும் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் திறப்பை இரண்டு மூன்று முறை போட்டு, டோர்ச் அடித்து ஒவ்வொரு மூட்டையும் பார்க்க வேண்டும்.

டீசல் வேன் வைத்திருப்போருக்கும் ஒரு வார்த்தை. தாங்கியிலிருந்து வரும் ஹோஸ் வெடித்தால் வெளியே ஒழுகாமலே உள்ளே காற்றை இழுக்கும்; காலையில் ஸ்டார்ட் எடுக்க மறுக்கும். பெரிய செலவில் பம்பைக் கழற்றும் முன் ஹோஸைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பழைய வேன்கள் பலவற்றுக்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டுமே இருக்கிறது. தீப்பிடித்தால் வேனுக்கும் உள்ளிருக்கும் சரக்குக்கும் அதில் ஒரு சதமும் கிடைக்காது.

உதிரிப்பாகம் விற்கும் சகோதரர்கள் ஆர்7, ஆர்9 சுருள்களைத் தனித்தனியே வைத்து, அச்செழுத்து தெரியும்படி வெட்டிக் கொடுக்கலாம். நான் இப்போது பில்லில் 'ஆர்9' என்று எழுதித் தரும்படி கேட்கிறேன். சிலர் எழுதித் தருகிறார்கள். எழுதத் தயங்கும் கடையில் வாங்குவதில்லை.