வளரச் சொல்வதும் அதுதான், சாகச் சொல்வதும் அதுதான்: யார் இந்த 'மிக்'?

புற்றுநோய் செல்கள் ஏன் இப்படி அடங்காம வளருது? இந்தக் கேள்விக்கு ஆய்வாளர்கள் முதலில் கைகாட்டும் பெயர்களில் ஒன்று 'மிக்'. இத்தனைக்கும் அது வெளியிலிருந்து வந்த கிருமி இல்லை. நம் எல்லோருடைய செல்லிலும் இருக்கும் மரபணுதான். காயம் ஆறவும், குடலின் உட்சுவர் தினமும் புதுப்பிக்கப்படவும் அது தேவை.

மிக் தயாரிக்கும் புரதம் தனியாக வேலை பார்க்காது. 'மேக்ஸ்' என்ற இன்னொரு புரதத்தோடு ஜோடி சேர்ந்து, டிஎன்ஏவில் குறிப்பிட்ட இடங்களில் போய் உட்காரும். அங்கிருந்து ஆயிரக்கணக்கான மரபணுக்களின் வேலையைக் கூட்டும், குறைக்கும். இவ்வளவு அதிகாரம் இருப்பதால் செல் இதை ரொம்ப நேரம் விட்டுவைக்காது. உருவான புரதத்தில் பாதி, சுமார் அரை மணி நேரத்தில் அழிக்கப்பட்டுவிடும்.

இடம் மாறினால் என்ன ஆகும்?

உகாண்டாவில் பணியாற்றிய அறுவை சிகிச்சை நிபுணர் டெனிஸ் பர்கிட், குழந்தைகளின் தாடையில் அசுர வேகத்தில் வளரும் கட்டியைப் பற்றி 1958-ல் எழுதினார். அதன் காரணம் 1982-ல் பிடிபட்டது. 8-வது குரோமோசோமில் இருக்க வேண்டிய மிக், உடைந்துபோய் பெரும்பாலும் 14-வது குரோமோசோமில் ஒட்டிக்கொள்கிறது. ரத்தத்தின் பி-செல்களில் அந்தப் பகுதி ஆன்டிபாடி தயாரிக்க எப்போதும் 'ஆன்' நிலையிலேயே இருக்கும். பக்கத்தில் குடியேறிய மிக்கும் அணையாமல் எரிகிறது.

அப்புறம் ஏன் எல்லோருக்கும் புற்றுநோய் வருவதில்லை?

சுவாரஸ்யமே இங்கேதான். 1992-ல் ஜெரார்ட் எவன் குழுவினர், எலி செல்களில் மிக்கை அணையவிடாமல் வைத்துக்கொண்டு, செல்களுக்கான ஊட்டத்தைக் குறைத்தார்கள். செல்கள் தாறுமாறாகப் பெருகியிருக்க வேண்டும். ஆனால் கொத்துக் கொத்தாகச் செத்தன. அதுவும் 'அபோப்டோசிஸ்' என்ற, செல் தானே தன்னை முடித்துக்கொள்ளும் முறையில்.

அதாவது, மிக் 'வளரு' என்று சொல்லும்போதே சாவுக்கான கதவையும் திறந்து வைக்கிறது. சுற்றுப்புறத்திலிருந்து 'நீ உயிரோடு இரு' என்ற சிக்னல் வந்துகொண்டே இருந்தால்தான் செல் பிழைக்கும். யாரும் கேட்காமல் தன்னிச்சையாக வளரும் செல்லைக் காலி செய்ய, இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

எனவே, மிக் கெட்டால் மட்டும் போதாது, சாவையும் தடுக்க வேண்டும். 'பிசிஎல்-2' என்ற புரதம் அதைத்தான் செய்கிறது. மிக்கும் பிசிஎல்-2-வும் சேர்ந்தே இடம் மாறிய நிணநீர்ப் புற்றுநோயை டாக்டர்கள் 'டபுள் ஹிட்' என்கிறார்கள். வழக்கமான கீமோவுக்கு இது அவ்வளவாக மசியாது. அதனால்தான் சில நோயாளிகளின் திசுவை 'ஃபிஷ்' என்ற மரபணுப் பரிசோதனைக்கு அனுப்புகிறார்கள்.

மிக்கையே அடக்க முடியாதா?

மருந்து போய் ஒட்டிக்கொள்ள ஒரு குழியாவது வேண்டுமே! மிக் புரதம் நிலையான வடிவமே இல்லாமல் நெளியும். ஆரோக்கியமான செல்களுக்கும் அது தேவை என்பது இன்னொரு பயம். லாரா சூசெக் குழு 2008-ல் எலிகளின் உடல் முழுக்க மிக்கைத் தடுத்துப் பார்த்தது. குடல், தோல் போன்றவற்றில் செல் பெருக்கம் குறைந்தாலும் எலிகள் தாங்கின. தடையை நீக்கியதும் பழைய நிலைக்குத் திரும்பின.

அதே தடுப்பானிலிருந்து பார்சிலோனாவில் உருவான 'ஓமோ-103' மருந்தின் முதல் கட்ட மனிதப் பரிசோதனை முடிவு 2024-ல் வெளியானது. மொத்தம் 22 நோயாளிகள். பக்கவிளைவுகள் பெரும்பாலும் சமாளிக்கும் அளவில் இருந்தன. சிலருக்குக் கட்டி மேற்கொண்டு வளராமல் நின்றது.