உடலும் ஊற்றும் – 11: பொலிகாளையின் கருமை

கொழுப்புச் செல் எங்கிருந்து பிறக்கிறது என்பதைச் சென்ற வாரம் சொல்லியாயிற்று. தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு அது நினைவிருக்கும். தொந்திக்கும் ஆண் ஹார்மோனுக்கும் உள்ள பகையை இவ்வாரம் எழுதுவதாக வாக்களித்திருந்தேன். ஆனால், ஞாயிற்றுக்கிழமை சரவணம்பட்டியிலிருந்து புறப்பட்டுக் காங்கேயத்துக்கு அருகே உறவினர் தோட்டமொன்றில் தங்கியபோது கண்ட காட்சி, அந்த வாக்கைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டது.

கட்டுத்தறியில் ஒரே தாயின் இரண்டு ஈற்றுக் கன்றுகள் வளர்ந்து நின்றன. ஒன்று பொலிகாளை, கழுத்தும் திமிலும் முன்சப்பையும் பின்தொடையும் அடுப்புப் புகை படிந்தாற்போல் கருத்து, திமில் கல்லாக நிமிர்ந்திருந்தது. மற்றொன்று இளமையிலேயே காயடிக்கப்பட்டு வண்டிக்குப் பழகிய எருது; உடல் முழுதும் ஒரே சீரான மயிலை, அடங்கிய திமில். "காயடிச்சா அந்தக் கருமை நிக்காதுங்க தம்பி, திமிலும் அமுங்கிப் போயிரும். மேல சதை பிடிக்கும், ஆனா அது கொழுப்புச் சதைங்க" என்றார் தோட்டத்துப் பெரியவர்.

காங்கேயக் கன்று செந்நிறமாகப் பிறந்து ஏறத்தாழ ஆறாம் மாதத்தில் சாம்பல் நிறம் கொள்வதும், அதன்பின் காளையின் மேனியில் மட்டும் கருமை ஏறுவதும் இவ்வட்டாரத்தில் யாவரும் அறிந்தவையே. எனினும், பாளையக்கோட்டைப் பட்டக்காரர்கள் பேணி வளர்த்த இவ்வினத்தைக் கண்ணபுரம் சந்தையில் திமிலைத் தடவிப் பார்த்து விலை பேசுகிறவர், ஒரு ஹார்மோன் தோலிலும் தசையிலும் எழுதியிருப்பதையே வாசிக்கிறார் என்ற எண்ணம் எனக்கு அன்றுதான் பிரத்தியட்சமாயிற்று.

அந்த ஹார்மோனே காளையிடமிருந்து கிடைத்ததுதான் இன்னும் விசேஷம்! 1935இல் ஆம்ஸ்டர்டாமில் எர்ன்ஸ்ட் லாக்கூரின் குழுவினர், ஏறக்குறைய 100 கிலோ காளை விரைகளைப் பக்குவப்படுத்தி, கடைசியில் 10 மில்லிகிராம் அளவே படிகமாகப் பெற்று, அதற்கு டெஸ்டோஸ்டிரோன் என்று பெயரிட்டார்கள். ஒரு சிட்டிகை உப்புக்கும் வெகுவாகக் குறைந்த அந்தத் துகளுக்காக எத்தனை காளைகள், எத்தனை நாள் உழைப்பு என்று நினைக்கையில் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது.

பெரியவர் சொன்ன கொழுப்புச் சதைக்கு விளக்கம் 2003இல் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து வந்தது. ரஜன் சிங், ஷலேந்தர் பாசின் முதலியோர், தசையாகவும் கொழுப்பாகவும் எலும்பாகவும் மாறவல்ல சுண்டெலிக் கருவின் குருத்தணுக்களை எடுத்து, டெஸ்டோஸ்டிரோனில் வளர்த்தார்கள். தோட்டத்தில் மடை மாற்றுகிறவர் ஒரு வாய்க்காலை அடைத்து மற்றொன்றைத் திறப்பதுபோல, தசைக்கு வழிசெய்யும் மயோ-டி என்ற புரதம் பெருகிற்று. கொழுப்புக்கு வழிசெய்யும் பிபிஏஆர்-காமா குன்றிற்று. ஹார்மோனை ஏற்கும் ஏற்பியை பைகலுட்டமைடு என்ற மருந்தால் மறித்தபோதோ அந்த விளைவு நின்றுவிட்டது. ஆகவே காயடித்த எருதின் கொழுப்பைத் தீனியின் மேல் மட்டும் சுமத்துவது நியாயமன்று. இன்னும் தசையாகவோ கொழுப்பாகவோ ஆகாத செல்லின் தீர்மானத்திலும் அதற்கு வேர் உண்டு என்பதே என் அபிப்பிராயம். பிராஸ்டேட் புற்றுநோய்க்காக ஆண் ஹார்மோனை ஒடுக்கும் சிகிச்சை பெறுவோருக்குத் தசை வற்றிக் கொழுப்பு ஏறுவதும் இதையே நினைவூட்டுகிறது.

சத்தி ரோட்டு உடற்பயிற்சிக் கூடங்களுக்குச் செல்லும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. இதைப் படித்துவிட்டு ஊசியைத் தேட வேண்டாம். வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும் மூளை விரைக்கு இடும் கட்டளையை நிறுத்திவிடும். விரை சுருங்கும், விந்தணு உற்பத்தி ஒடுங்கும். காயடித்தல் வேறு உருவில் நடந்தேறும்.

கொழுப்பே ஆண் ஹார்மோனைப் பெண் ஹார்மோனாக மாற்றும் விந்தையும், ஒரே உயர-எடைக் கணக்குடைய இருவரில் லண்டன் மருத்துவர் யுட்கினுக்கு 9.1 சதவீதமும் புனே மருத்துவர் யாக்னிக்குக்கு 21.2 சதவீதமும் கொழுப்பிருந்த கதையும் இவ்வாரம் இடம் பெறவில்லை. தொந்தியோடு அவற்றையும் அடுத்த இதழில் எடுத்துக்கொள்கிறேன்.