பனியை முன்னறிவது யார்?

கார்த்திகை பாதி கடந்துவிட்டால், திருச்சி காந்தி மார்க்கெட்டின் பூக்கடைகளிலும் ஸ்ரீரங்கம் சாத்தார வீதியின் பூச்சந்தையிலும் விலையோடு சேர்த்து வேறொன்றும் பேசப்படும்: 'இந்த ஆண்டு பனி எப்படி இருக்கும்?' எட்டரை, போசம்பட்டி போன்ற ஊர்களிலிருந்து மல்லிகை கொண்டுவரும் விவசாயிக்கு இது வெறும் பேச்சல்ல. அடுத்த மூன்று மாதக் குடும்ப வருமானம் இந்தக் கேள்விக்கான விடையைப் பொறுத்தது.

காரணம் எளிது. மல்லிகை, புதுத் துளிரின் நுனியில் அரும்பு வைக்கும் செடி. இரவுக் குளிர் கூடினால் துளிர்ப்பது குறையும். துளிர் குறைந்தால் அரும்பு இல்லை. சித்திரை, வைகாசியில் கூடை கூடையாகக் குவிந்து விலை சரிந்து கிடக்கும் அதே பூ, மார்கழியிலும் தையிலும் கைப்பிடி அளவே வரும். வைகுந்த ஏகாதசி, பொங்கல், தை முகூர்த்தங்கள் என்று தேவை உச்சத்தைத் தொடுவதும் அப்போதுதான். ஆகவே, கிலோ ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விற்கும் நாளில் விற்பதற்குப் பூ இருக்குமா என்பதே கேள்வி.

இதில் ஒரு சூதாட்டமும் உண்டு. நவம்பர் கடைசி வாரத்தில் செடியைத் தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் கவாத்து செய்யுமாறு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. அப்படிச் செய்தால் மார்ச் முதல் நல்ல மகசூல் கிடைக்கும். ஆனால், பனிக்காலத்தில் கிடைக்கக்கூடிய சொற்பப் பூவும் கைவிட்டுப் போகும். கவாத்தைத் தள்ளிப்போட்டால், பனி குறைந்த ஆண்டில் நல்ல விலை கிடைக்கும். கடும் பனி விழுந்தால் இரண்டும் கெட்டது. எந்தப் பக்கம் காய் நகர்த்துவது என்பதை டிசம்பர் பிறக்கும் முன்பே முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது.

இந்த இடத்தில்தான் அடையாளங்கள் துணைக்கு வருகின்றன. நம் உழவர்கள் இயற்கையைப் பார்த்துக் குறிசொல்வதில் தேர்ந்தவர்கள். தட்டான் தாழப் பறந்தால் மழை; எறும்பு முட்டையைச் சுமந்துகொண்டு மேடேறினால் மழை. இவற்றில் ஓரளவு உண்மையும் இருக்கலாம். காற்றின் ஈரத்தையும் அழுத்தத்தையும் சிற்றுயிர்கள் உணர்வதில் வியப்பில்லை. ஆனால், இவை சில மணி நேரத்துக்கான குறிகள். மூன்று மாதம் தள்ளி வரும் பனியைத் தட்டானிடம் கேட்க முடியாது.

நீண்ட நாள் குறிகள் வேறு வகை. அமெரிக்காவில் கறுப்பும் பழுப்புமான ஒரு கம்பளிப்புழுவின் பழுப்புப் பட்டை அகலமாக இருந்தால் குளிர்காலம் மிதமாக இருக்கும் என்று நம்புவார்கள். 1948-இல் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த பூச்சியியலாளர் சி.எச்.கர்ரன் சில புழுக்களைச் சேகரித்து அளந்து பார்க்க, செய்தித்தாள்களால் அந்த நம்பிக்கை நாடெங்கும் பரவியது. ஆனால், பட்டையின் அகலம் பெரும்பாலும் அந்தப் புழுவின் வயதையும் அது வளர்ந்த காலத்தின் தட்பவெப்பத்தையுமே காட்டுகிறது. அதாவது, புழு சொல்வது நடந்துமுடிந்த கதையை. ஒரு மரம் அளவுக்கு மீறிக் காய்ப்பதும் இப்படித்தான். கடந்த பருவத்தின் கணக்கை அது காட்டுகிறது, வரும் பருவத்தின் கணக்கை அல்ல.

அப்படியானால் மரபின் குறிகள் எல்லாமே பொய்யா? இல்லை என்பதற்குத் தென் அமெரிக்காவில் ஒரு சான்று உண்டு. பெரு, பொலிவியா நாடுகளின் ஆண்டிஸ் மலை உழவர்கள் ஜூன் மாதக் கடைசியில் விடியலுக்கு முன் எழுந்து கார்த்திகை மீன்கூட்டத்தைப் பார்ப்பார்கள். அது மங்கித் தெரிந்தால் மழை பிந்தும், குறையும் என்று முடிவுகட்டி, உருளைக்கிழங்கு நடவைத் தள்ளிவைப்பார்கள். 2000-ஆம் ஆண்டில் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வு இதன் காரணத்தை விளக்கியது. எல் நினோ ஆண்டுகளில் அந்த வானில் கண்ணுக்கு எளிதில் புலப்படாத மெல்லிய உயர்மேகங்கள் கூடுகின்றன, விண்மீன்கள் மங்குகின்றன. அதே எல் நினோதான் பின்னர் அங்கே மழையையும் குறைக்கிறது. குறிக்கும் விளைவுக்கும் ஒரே காரணம் இருந்ததால் குறி பலித்தது.

எந்த அடையாளத்தையும் எடைபோட இதுவே உரைகல். மார்கழியில் சூரியன் பூராடத்தில் இருக்கும் 'கர்ப்போட்ட' நாள்களின் மேகத்தைப் பார்த்து வரும் ஆண்டின் மழையைக் கணிக்கும் வழக்கம் தமிழகத்தில் இன்றும் இருக்கிறது. கருக்கொண்ட மேகம் 195-ஆம் நாளில் மழையாகப் பிறக்கும் என்கிறது ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த வராகமிகிரரின் 'பிருகத் சம்ஹிதை'. டிசம்பர் இறுதியோடு 195 நாளைக் கூட்டினால் ஜூலை நடுப்பகுதி வரும். அது தென்மேற்குப் பருவமழையால் நனையும் அவந்தி நாட்டுக்குப் பொருந்தும் காலம். ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதியை வடகிழக்குப் பருவமழையாகப் பெறும் தமிழகத்துக்கு அது முழுமையாகப் பொருந்தாது. ஒரு மண்ணில் பிறந்த குறியை இன்னொரு மண்ணில் நட்டால் வேர்பிடிக்கும் என்ற உறுதியில்லை.

திருச்சியின் பனிக்காலத்தைத் தீர்மானிப்பது எது? பகலில் சூடான தரை, இரவில் அந்த வெப்பத்தை வானுக்கு விடுகிறது. மேகம் இருந்தால் அது போர்வைபோலத் தடுக்கும். வானம் தெளிந்து, காற்று அடங்கிக் கிடந்தால் தரை வேகமாகக் குளிரும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் ஈரம் தேங்கிய படுகையில் அந்தக் குளிர் பனித்துளியாகவும் மூடுபனியாகவும் இறங்கும். ஆகவே, இங்கே ஜனவரியின் இரவு வெப்பநிலை சராசரியாக 20 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருந்தாலும், வடகிழக்குப் பருவமழை எப்போது விடைபெறுகிறது, அதன் பின் எத்தனை இரவுகள் வானம் தெளிந்திருக்கின்றன என்பதுதான் செடிக்கு முக்கியம். மழை ஜனவரி நடுப்பகுதிவரை நீண்டால் பனி பிந்தும். டிசம்பர் தொடக்கத்திலேயே ஓய்ந்தால் பனி முந்தும். 'தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்' என்ற பழமொழியும் மழை மேகம் விலகிய பிறகு வரும் தெளிந்த வானத்தைத்தான் நினைவூட்டுகிறது.

மழை விடைபெறும் நாளை நவம்பரிலேயே எவராலும் துல்லியமாகச் சொல்லிவிட முடியாது. இந்திய வானிலை ஆய்வுத் துறை டிசம்பர் முதல் பிப்ரவரி வரைக்கான வெப்பநிலைக் கண்ணோட்டத்தை வெளியிடுகிறது. ஆனால், அது இயல்பைவிடக் கூடுமா, குறையுமா என்பதைப் பெரும் பரப்புகளுக்கு நிகழ்தகவாகச் சொல்வது. ஒரு தோட்டத்துக்கான வாக்கு அல்ல. அதே வேளையில், அடுத்த ஐந்து நாள்களுக்கான முன்னறிவிப்பு நம்பத்தக்கதாக வளர்ந்திருக்கிறது. வாரம் இருமுறை, செவ்வாயும் வெள்ளியும், வேளாண் வானிலை அறிவுரைகள் வெளியாகின்றன.

குறுகிய கால முன்னறிவும் உடனடிச் செயலும் கைகோக்கும்போது பலன் கிடைக்கும் என்பதை நீலகிரி காட்டுகிறது. மாலையில் வானம் தெளிந்து காற்று அடங்கினால் மறுநாள் காலை உறைபனி இருக்கும் என்பது அங்குள்ள தோட்டக்காரர்களுக்குத் தெரியும். உதகை தாவரவியல் பூங்காவில் மலர்ச் செடிகளைக் கோத்தகிரி மிலார் செடிகளால் மூடிக் காப்பது பனிக்காலந்தோறும் நடப்பதுதான். காந்தி மார்க்கெட்டுக்கு வரும் கேரட்டும் பீன்ஸும் விளைகிற மலை அது. அங்கே ஓர் இரவின் உறைபனி, இங்கே அடுத்த வாரத்தின் காய்கறி விலை.

ஆனால், அறிவுரை உழவரைச் சென்றடையும் வழி குறுகிவருகிறது. வேளாண் அறிவியல் நிலையங்களில் இயங்கிவந்த மாவட்ட வேளாண் வானிலை அலகுகள் 199-ஐ 2024-இல் மூட முடிவுசெய்யப்பட்டது. வானிலைத் தகவல் கைப்பேசிக்கு வந்துவிடும் என்பது உண்மைதான். எனினும், 'இரவு வெப்பம் இரண்டு டிகிரி குறையும்' என்ற செய்தியை 'இந்த வாரம் கவாத்து வேண்டாம்' என்று மொழிபெயர்த்துச் சொல்ல, அந்த மண்ணை அறிந்த ஒருவர் வேண்டும்.

செய்யக்கூடியவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. பூ விளையும் ஊர்களில் உச்ச, நீச வெப்பமானிகளை வைத்து அன்றாட அளவைப் பதிவு செய்யலாம். சந்தைகளுக்கு நாள்தோறும் வரும் பூவின் எடையையும் விலையையும் அதனோடு இணைத்து ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டலாம். தட்டான், எறும்பு, கர்ப்போட்டம் என்று எந்தக் குறியையும் முன்கூட்டி எழுதிவைத்து, பின்னர் நடந்ததோடு ஒப்பிடலாம். பத்து ஆண்டுக் கணக்கு சேர்ந்தால் எந்தக் குறி பலிக்கிறது, எது நினைவின் சலுகையால் மட்டும் வாழ்கிறது என்பது தெரிந்துவிடும். பலித்ததை நாம் பல காலம் சொல்லிக்கொண்டிருப்போம், பலிக்காததை மறந்துவிடுவோம்.

முன்னறிவிப்பு தவறினால் வானிலைத் துறைக்குச் சம்பளம் குறையாது. சோதிடருக்கும் தட்சிணை குறையாது. மல்லிகைத் தோட்டக்காரருக்கு மட்டும் ஒரு பருவமே போய்விடும். இழப்பை முழுவதுமாக அவர் தோளில் ஏற்றிவிட்டு, கணிப்பையும் அவரையே செய்துகொள்ளச் சொல்வது நியாயமல்ல.