பள்ளிமாற்றமும் அடையாள உருவாக்கமும்: மலேசியத் தமிழ்ப் பதின்பருவத்தினரை முன்வைத்து

முன்னுரை

தான் யார் என்னும் வினா பதின்பருவத்தில்தான் கூர்மை பெறுகிறது என்பது உளவியலார் துணிபு. ‘அடையாள நெருக்கடி’ என்று ஆய்வுரைகளில் இன்று எளிதாக ஆளப்படும் தொடரைப் பரவலாக்கிய எரிக் எரிக்சன், தாமே இரு பண்பாடுகளுக்கு நடுவில் வளர்ந்தவர். டேனிய யூதத் தாய்க்கு 1902இல் ஜெர்மனியில் பிறந்த அவர், தம் தோற்றத்தால் யூத வழிபாட்டிடத்தில் அயலாராகவும், யூதர் என்பதால் பள்ளியில் அயலாராகவும் எள்ளப்பட்டார். அமெரிக்கக் குடியுரிமை பெற்றபோது ‘எரிக்சன்’ என்னும் பெயரைத் தாமே சூட்டிக்கொண்டார். அவர்தம் கோட்பாட்டின் துணைகொண்டு, மலேசியத் தமிழ் மாணவர் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுகளில் எதிர்கொள்ளும் மாற்றத்தை இக்கட்டுரை விளக்குகிறது.

பள்ளி மாறும் ஆண்டு

மலாயாவில் தமிழ்க்கல்வி 1816இல் பினாங்கில் தொடங்கியது. பின்னர் இரப்பர்த் தோட்டங்கள் தோறும் பள்ளிகள் எழுந்தன. இன்று ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. எனினும் அவை அனைத்தும் தொடக்கப்பள்ளிகளே. ஏழு வயதில் சேரும் குழந்தை ஆறாண்டுகள் தமிழ்வழி பயில்கிறது. அதன்பின் அரசு இடைநிலைப்பள்ளியில் மலாய்மொழியே பயிற்றுமொழியாகிறது.

இம்மாற்றத்தின் கடுமையைக் காட்டுவது புகுமுக வகுப்பு. தேசியமொழியில் போதிய தேர்ச்சி பெறாத தமிழ், சீனப் பள்ளி மாணவர் நேரே படிவம் ஒன்றுக்குச் செல்லாமல் ஓராண்டு இவ்வகுப்பில் பயிலும் முறை நெடுங்காலமாக நிலவிவருகிறது. ஒத்த வயதுடைய பிற மாணவர் படிவம் ஒன்றில் இருக்கும்போது இவர்கள் ஓராண்டு பின்தங்குகின்றனர். தமிழ்ப்பள்ளியில் கட்டுரையும் பேச்சும் பரிசு பெற்றுத் தந்த அதே மொழி, இங்கே பின்தங்கியமைக்குக் காரணமாகச் சுட்டப்படுகிறது. மாணவரின் அறிவாற்றல் மாறவில்லை. அளக்கும் மொழி மாறியிருக்கிறது. இவ்வேறுபாட்டைப் பதின்மூன்று வயதினர் தாமாக உணர்வது அரிது. தம்மையே குறையுடையவராகக் கருதுவதற்கு வாய்ப்பு மிகுதி.

பெயரும் அட்டையும்

பன்னிரண்டு வயது நிறைந்த மலேசியக் குடிமகன் ‘மைகாட்’ எனப்படும் அடையாள அட்டையைப் பெறவேண்டும். பள்ளிமாற்றமும் அட்டையும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வருவது தற்செயலே, ஆயினும் பொருளுடையது. தமிழர் பெயரிடு மரபில் குடும்பப்பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே முன்னே நிற்கும். மலேசிய ஆவணங்களிலோ மாணவர் பெயருக்கும் தந்தை பெயருக்கும் இடையில் ‘அனாக் லெலாக்கி’ (மகன்) அல்லது ‘அனாக் பெரெம்புவான்’ (மகள்) என்னும் மலாய்த் தொடரின் சுருக்கம் இடம்பெறுவது வழக்கம். தமிழ்நாட்டு ஆவணங்களின் ‘த/பெ’ பெயருக்கு வெளியே நிற்க, இது பெயருக்குள்ளேயே நிலைத்துவிட்டது. தமிழ்ப்பள்ளியின் வருகைப் பதிவில் எல்லார் பெயரும் அவ்வாறே அமைவதால் அது கண்ணில் படுவதில்லை. மலாய் மாணவரின் ‘பின்’, ‘பிந்தி’, சீனரின் முன்னிற்கும் குலப்பெயர் ஆகியவற்றுக்கு நடுவே வாசிக்கப்படும்போதுதான், அச்சுருக்கம் இன அடையாளமாக ஒலிக்கிறது.

தமிழருக்குள் இரு பிரிவினர்

பண்பாட்டு இசைவாக்கம் குறித்த ஜான் பெர்ரியின் ஒருங்கிணைதல், கரைதல், விலகல், ஒதுக்கமுறல் என்னும் நால்வகைப் பாகுபாடு இத்துறையில் பெரிதும் எடுத்தாளப்படுகிறது. புலம்பெயர்ந்தோரை ஆராய அது பெரிதும் பயன்படும். மலேசியத் தமிழ் மாணவரோ பெரும்பாலும் பல தலைமுறைக் குடிமக்கள். அவர்கள் கடந்தது நாட்டின் எல்லையை அன்று, பள்ளியின் வாயிலை. ‘தாய்ப்பண்பாடு’, ‘ஏற்புப்பண்பாடு’ என்னும் இருமையை அவர்கள்மேல் அப்படியே ஏற்றுவது பொருந்தாது.

அவ்விருமை மறைத்துவிடும் செய்தி ஒன்றுண்டு. தமிழ்ப் பெற்றோர் பலர் பிள்ளைகளைத் தொடக்கத்திலேயே மலாய்வழித் தேசியப்பள்ளிக்கு அனுப்புகின்றனர். ஆகவே படிவம் ஒன்றில் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தவரும், வீட்டில் தமிழ் பேசினும் எழுத்தறியாதவரும் ஒரே வகுப்பில் சந்திக்கின்றனர். முன்னவர்க்கு மலாய்த் தயக்கம். பின்னவர்க்குத் தமிழ்த் தயக்கம். ‘பாசார்’, ‘கம்பம்’ போன்ற மலாய்வழிச் சொற்கள் கலந்த பேச்சுத்தமிழே இருவருக்கும் பொதுக்களமாகிறது. அதனைச் சிதைவு என்று மட்டும் மதிப்பிடுவது மொழியியல் நோக்கில் குறுகியது.

ஜீன் ஃபின்னி இன அடையாள வளர்ச்சியை ஆராயாநிலை, தேடல்நிலை, எய்துநிலை என மூன்றாகப் பகுத்தார். தமிழ்ப்பள்ளியில் ஆராயாநிலையில் இருந்த மாணவருக்கு இடைநிலைப்பள்ளியே தேடலைத் தொடங்கி வைக்கிறது எனலாம். தேடலுக்கான களமோ உறுதியானதன்று. குறைந்தது பதினைந்து மாணவரின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தமிழைப் பாடமாகக் கற்பிக்க 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இடமளிக்கிறது. நடைமுறையில் பல பள்ளிகளில் அது வழக்கமான பாடநேரத்துக்கு வெளியே தள்ளப்படுகிறது. எஸ்.பி.எம். தேர்வில் தமிழ்மொழியையும் தமிழ் இலக்கியத்தையும் எடுக்கும் மாணவர், அதனைக் கூடுதல் சுமையாக ஏற்றே எடுக்கின்றனர். அத்தெரிவைத் தேர்வு மதிப்பெண் கணக்காக மட்டும் காணாமல், ஃபின்னி குறிக்கும் தேடலின் சான்றாகவும் காண இடமுண்டு.

களஆய்வுக்கு ஒரு குறிப்பு

இப்பருவத்தினரிடம் தரவு திரட்டும்போது வினாநிரலின் மொழியே முடிவைச் சாய்த்துவிடக்கூடும். தமிழில் மட்டும் தந்தால் எழுத்தறியாத பிரிவினர் விடுபடுவர். மலாயில் மட்டும் தந்தால், புகுமுக வகுப்பு மாணவர் அதனை மற்றொரு மொழித்தேர்வாகக் கருதிச் சுருக்கமாக விடையளிப்பர். இருமொழி வினாநிரலுடன் வாய்மொழி நேர்காணலையும் இணைத்து, மாணவர் எவ்வினாவுக்கு எம்மொழியைத் தெரிந்தார் என்பதையும் தரவாகப் பதிவுசெய்தல் வேண்டும்.